ஓர்த்தோனாவுக்குப் போன வெள்ளிக் கண்

கார்டு சவுரிமுத்து முப்பத்தோரு வருட சர்வீஸில் ரயிலைத் தவறவிட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் இத்தாலியில், பெஸ்காரா என்கிற ஊரில், பட்டப்பகலில், ரயில் அவர் மூக்குக்கு நேரே நின்றுகொண்டிருந்தபோது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த இடத்தில் எந்த கார்டு நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் கார்டு என்றால் கடைசிப் பெட்டியின் கடைசி அறை. ஸ்டேஷன் வந்ததும் இறங்கிப் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். மீன்கூடைக்காரி ஏறிவிட்டாளா, காலேஜ் பையன்கள் தொங்காமல் உள்ளே போனார்களா, சிக்னல் பச்சையா என்று பார்க்க வேண்டும். எல்லாரும் ஏறின பிறகு கடைசி ஆளாகத் தான் ஏறி, பெல்லை அழுத்த வேண்டும். ரயிலின் மறுகோடியில், டிரைவர் அறையில் அது ஒலிக்கும். இரண்டு பெல் என்றால் புறப்படு. ஒரு பெல் என்றால் நிறுத்து. ரயிலில் எத்தனை பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தாலும் கார்டு ஏறாமல் அது ஓர் அங்குலம் நகராது.

ஆக, பெஸ்காராவில் தங்கச்சி முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ள, சவுரிமுத்து வழக்கம்போலப் பிளாட்பாரத்தில் நின்றார். ஒரு கிழவரைக் கைகொடுத்து ஏற்றிவிட்டார். தலையைச் சாய்த்து முன்னால் சிக்னலைப் பார்த்தார். பச்சை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று மனசுக்குள் திருப்திப்பட்டுக்கொண்ட நேரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஸ்டேஷன் மாஸ்டர் கையிலிருந்த சிக்னல் தட்டியைத் தூக்கினார். கதவுகள் தாமாகவே மூடிக்கொண்டன. ரயில் போயே போய்விட்டது.

நல்லவேளை, தங்கச்சி இவரைவிட உஷார். அண்ணன் ஏறுகிற வழியாக இல்லை என்று கண்டதும் கதவு மூடுவதற்கு முன் கைப்பையோடு குதித்திருந்தாள். அவள் கன்னியாஸ்திரீ. மடத்தில் சிஸ்டர் அலோசியா. பல்லாவரத்தில் பேபி.

"இன்னாண்ணா, நீ இன்னா அந்த வண்டிக்கு கார்டா?" என்றாள்.

தான் இல்லாமல் ஒரு ரயில் புறப்படும் என்பதைச் சவுரிமுத்துவால் ஜீரணிக்க முடியவில்லை. அடுத்த லோக்கல் ஒரு மணி நேரம் கழித்து. அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

அது 1988, அக்டோபர் மாதம். பேபி இருபது வயசில் மடத்தில் சேர்ந்து ரோமாபுரிக்குப் போனவள். இப்போது நாற்பத்தாறு. அவள் துறவு வார்த்தைப்பாடு கொடுத்து இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட, வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்று மடமே டிக்கெட் அனுப்பியது. அண்ணன் வந்தார். இத்தனை வருஷத்தில் அவளுக்கு இத்தாலி மொழி தண்ணீர்பட்ட பாடு. ஆனால் தமிழ் மட்டும் அறுபதுகளின் பல்லாவரம் பஜாரிலேயே நின்றுபோயிருந்தது. அண்ணன் விட்டுவிட்ட 'கீது'வையும் 'வூட்டை'யும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஊரைப் பார்க்க வந்த மனுஷன் ரோமில் பெரிய கோயிலைப் பார்த்தார், வாயைப் பிளந்தார், அதெல்லாம் சரி. ஆனால் அவர் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறக் கிளம்பும்போதே மனசு வேறு இடத்தில் இருந்தது. அந்த இடத்துக்குப் பெயர் ஓர்த்தோனா. கிழக்குக் கடற்கரையில் ஒரு பழைய துறைமுக ஊர். புனித தோமையாரின் எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன என்று பேபி இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்றைக்கு சவுரிமுத்து சரியாகச் சாப்பிடவில்லை. தோமையார் என்றால் அவருக்கு யாரோ பைபிள் ஆசாமி இல்லை. பரங்கிமலைக்காரர். அந்த மலைமேல் ஜெபித்தவர், அங்கேயே ஈட்டி வாங்கிச் செத்தவர். அந்த மலையடிவாரத்து ஸ்டேஷனில் சவுரிமுத்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பெல் அடிக்கிறார். ஏறக்குறைய ஒரே ஏரியா. அப்பேர்ப்பட்ட ஆளைக் கப்பலில் ஏற்றி இத்தனை தூரம் கொண்டுபோய்விட்டார்கள் என்றால் யாருக்குத்தான் சோறு இறங்கும்.

இந்தச் செய்தியை அவர் முதலில் சொன்னது டிரைவர் தட்சிணாமூர்த்தியிடம். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. ஒன்பது வருஷமாக இவர் ரயிலின் இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி. டூட்டி முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது, பெல்லில்தான் பேச்சு. அது பழகிப்போய், ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கம் போனால் சவுரிமுத்து வாசல் பெல்லையும் இரண்டு முறைதான் அழுத்துவார். "ரைட், எடுக்கலாம்" என்று உள்ளேயிருந்து மூர்த்தி குரல் கொடுப்பார்.

விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மூர்த்தி ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே வெள்ளித் தகட்டில் அடித்த இரண்டு கண்கள், சுவாமிக்குக் காணிக்கையாக வைக்கிற வகை.

"எங்க கோயில்ல வெக்கலாம்னுதான் வாங்கினேன், சவுரி. அப்புறம் தோணிச்சு. தினம் அந்த மலையைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போடறேன். மலை இங்க இருக்கு, ஆளு அங்க இருக்காரு. ஆளு இருக்கிற இடத்துலயே வெச்சுடேன்."

எதற்கென்று சவுரிமுத்து கேட்கவில்லை. அவருக்குத்தான் தெரியுமே. மூர்த்தியின் கண் நரம்பு செத்துக்கொண்டு வந்தது. சவுரிமுத்து திரும்பி வருகிற வாரம், செவ்வாய்க்கிழமை, மூர்த்திக்கு ஆபீஸ் கண் பரிசோதனை. தேறினால் டிரைவர். தேறாவிட்டால் எங்கேயாவது ஒரு மூலையில் ஃபைல் அடுக்குகிற வேலை.

ஆக, சவுரிமுத்துவின் சட்டைப் பையில் அந்த வெள்ளிக் கண் இருந்தது. மறுநாள் காலையில் விமானம். இன்றைக்கு விட்டால் கிடையாது.

அடுத்த லோக்கலில் சவுரிமுத்து முதல் ஆளாக ஏறினார். பேபி சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

பெஸ்காராவை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இடதுபுறம் கடல் வந்தது. எங்கேயோ தூரத்தில் கோடு போட்டது போல இல்லை. தண்டவாளத்துக்குக் கீழே, கைக்கெட்டுகிற இடத்தில், நீலமாக. அலை பாறையில் அடித்த தண்ணீர் ஜன்னலில் தெறித்துவிடுமோ என்று அவர் தலையை இழுத்துக்கொண்டார். ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது, வெளியே வந்தால் மறுபடியும் கடல், மறுபடியும் இன்னொரு சுரங்கம், மறுபடியும் கடல். ஒவ்வொரு தடவையும் அது முன்னைவிட நீலமாக இருந்தது. கடலுக்குள் மரக்கட்டைகளை நட்டு அவற்றின்மேல் குடிசை கட்டி, பெரிய வலையைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். சவுரிமுத்து எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"நம்ம லைன்ல பீச்னு ஒரு ஸ்டேஷன் பேரே வெச்சிருக்கான்" என்றார். "முப்பத்தோரு வருஷமா தினம் பீச்சுக்குப் போறேன். ஒருநாள் கடலைப் பார்த்ததில்ல, பேபி."

"உக்காருண்ணா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. வெட்கப்படவில்லை. இவ்வளவு அழகான பாதையில் தினமும் வண்டி ஓட்டுகிறவன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் என்ன சொல்வான் என்று யோசித்தார். உடனே மூர்த்தி ஞாபகம் வந்தது. அவர் இருந்தால் இந்தக் கடலில் எவ்வளவு அவருக்குத் தெரியும் என்று நினைத்தபோது மனசு சுருக்கென்றது. உட்கார்ந்துகொண்டார்.

ஓர்த்தோனா ஸ்டேஷன் கீழே, கடலோரம். ஊர் மேலே, செங்குத்தான மேட்டின் உச்சியில். வளைந்து வளைந்து ஏற வேண்டியிருந்தது.

"இங்கயும் மேட்டுலதான் உக்காந்துகினு கீறாரு பாரு" என்றாள் பேபி, மூச்சு வாங்கியபடி. "மலையேத்தாம விடமாட்டாரு மனுசன்."

மேலே வந்ததும் கோட்டை, கல் பாவிய தெரு, பூத்தொட்டி வைத்த பால்கனிகள், எந்தத் தெருவின் முனையில் எட்டிப் பார்த்தாலும் கடல். போரில் பாதி ஊர் இடிந்து, கோயிலும் இடிந்து, திரும்பக் கட்டினார்களாம். பேபி சொல்லிக்கொண்டே வந்தாள். சவுரிமுத்து காதில் எதுவும் ஏறவில்லை. கோயிலைப் பார்த்துவிட்டார். வெளுத்த கல்லில், சதுக்கத்தின் முன்னால், பெரிதாக. கால் செருப்பைக் கழற்றிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தடுமாறினார். பரங்கிமலை உச்சியில் கழற்றித்தான் பழக்கம்.

கோயில் கதவு சாத்தியிருந்தது.

தள்ளிப் பார்த்தார். பூட்டு. பக்கத்தில் ஒரு பலகை. பேபி படித்தாள். முகம் மாறியது.

"பன்னெண்டுக்கு மூடிடுவாங்களாம். தொறக்கறது நாலு மணிக்கு."

மணி பன்னிரண்டு இருபது. திரும்பிப் போகிற ரயில் இரண்டு ஐம்பதுக்கு. அதை விட்டால் அன்றைக்கு ரோம் போய்ச் சேர வழியில்லை.

"கோயிலை எவனாவது மத்தியானம் மூடுவானா?" என்றார் சவுரிமுத்து. மூர்த்தியை அவர் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார். "உங்க சாமி மத்தியானம் தூங்கப் போயிடும், எங்க கோயில் எப்பவும் தெறந்திருக்கும்" என்று. இப்போது அவர் வாய்க்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெஸ்காராவில் பிளாட்பாரத்தில் நிற்காமல் ஏறியிருந்தால் பதினொன்றே காலுக்கு இங்கே வந்திருப்பார். யாரைக் குற்றம் சொல்வது.

சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு கடையில் பேபி விசாரித்தாள். கோயில் சாவி, அதைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் இருக்கிறதாம், வீடு பின்பக்கம்தான், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்ய ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாதாம். இரண்டு பேரும் கடலைப் பார்த்த ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேபி மடத்திலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்தாள். அண்ணன் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யாருக்குண்ணா இது? உனக்கா?"

"எனக்கில்ல. மூர்த்திக்கு."

அப்புறம் அவர் சொன்னார். இதுவரை பெண்டாட்டி செல்வமேரியிடம்கூடச் சொல்லாததை, அந்நிய ஊரில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி சொன்னார்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம். கிண்டிக்கும் பரங்கிமலைக்கும் நடுவே. மழை வருகிற இருட்டு. வளைவில் சவுரிமுத்து தலையை நீட்டிப் பார்த்தபோது முன்னால் சிக்னல் சிவப்பு. வண்டி வேகம் குறையவில்லை. அவர் கை பெல்லுக்குப் போனது. ஒரு பெல் அடித்தால் போதும். ஆனால் அடித்தால் நாளைக்கு ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள், மூர்த்தி கண் விஷயம் சந்திக்கு வரும். அந்த நினைப்பில் விரல் பெல்லின் மேலேயே நின்றுவிட்டது. வண்டி சிவப்பைத் தாண்டி இரண்டு பெட்டி நீளம் போய், அப்புறம்தான் பிரேக் பிடித்து நின்றது. முன்னால் வண்டி எதுவும் இல்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

"அன்னிக்கு தாம்பரத்துல எறங்கினதும் எங்கிட்ட வந்தான். ஓரத்துல எதுவும் தெரியல, சவுரி, ஒரு குழாய் வழியா மங்கலா பாக்கற மாதிரி இருக்குன்னான். இனிமே ஸ்டேஷன்ல நீ பச்சையைப் பாத்துட்டு ரெண்டு பெல் அடி, நான் உன் பெல்லை நம்பி எடுக்கறேன்னான். சரின்னேன்."

"சரின்னியா?"

"ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம். அந்த வண்டிதான் அவனுக்கு உசிரு. அதில்லாம அவன் வூட்ல உக்காந்தா செத்துடுவான், பேபி." தங்கச்சியோடு பேசப் பேச, அவர் விட்டுவிட்ட பழைய பேச்சும் திரும்பியிருந்தது. "இன்னும் கீது. போன மாசம் எனக்கு கண் டெஸ்ட் நடந்திச்சு. அந்தச் சார்ட்ல இருக்கிற எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணி வந்து ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தேன். படிச்சுகினு இருக்கான், ஸ்கூல் பையன் மாதிரி."

பேபி ரொட்டியைப் பழையபடி சுற்றி வைத்தாள்.

"இப்ப நீ இங்க கீறே. அங்க அவருக்கு யாரு பெல் அடிக்கறாங்க?"

அதுதான் பத்து நாளாக சவுரிமுத்துவை அரித்துக்கொண்டிருந்தது. வேறு ஒரு கார்டு. அவனுக்கு விஷயம் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இங்கே ஒன்றே கால் என்றால் அங்கே சாயங்காலம் ஐந்தே முக்கால். ஆபீஸ் விடுகிற கூட்டம். நிற்க இடமிருக்காது.

"எத்தினி பேரு இருப்பாங்க ஒரு வண்டில?"

"ஆயிரத்தைந்நூறு."

பேபி பாவம் என்றோ புண்ணியம் என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கேட்டது வேறு.

"அந்தக் கண்ணை வெச்சிட்டு நீ இன்னா வேண்டிக்கப் போறே? அவருக்குப் பார்வை வரணும்னா, டெஸ்ட்ல பாஸ் ஆவணும்னா?"

சவுரிமுத்து மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

பேபி எழுந்தாள். அங்கியை உதறிக்கொண்டாள். "சாப்பாட்டு நேரமாவது ஒண்ணாவது. வா" என்று கோயிலின் பின்பக்கம் நடந்தாள்.

கதவைத் திறந்த கோயில்பிள்ளை ஆஜானுபாகுவாக இருந்தார். கழுத்தில் துணி, வாயில் உணவு, முகத்தில் கொலைவெறி. நாலு மணிக்கு வா என்று கையைக் காட்டிக் கதவைச் சாத்தப் போனார். பேபி காலை உள்ளே வைத்தாள். பல்லாவரத்துக்காரிக்கு அதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணனைச் சுட்டிக்காட்டி நாலைந்து வார்த்தை சொன்னாள். சவுரிமுத்துவுக்கு அதில் ஒன்றுதான் புரிந்தது. மதராஸ்.

அந்த ஆள் மெல்லுவதை நிறுத்தினார். கழுத்துத் துணியை உருவினார். சவுரிமுத்துவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் இவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். குரல் மாறிவிட்டிருந்தது.

"இன்னா கேக்கறாரு?"

"நிஜமாவே அந்த மலை கீதான்னு கேக்கறாரு. நாப்பது வருசமா இந்தக் கோயில் சாவி வெச்சிருக்காராம். அந்த மலை படத்துல மட்டும் இருக்கறதுன்னு நெனச்சிருந்தாராம்."

"இருக்குன்னு சொல்லு. அதுக்குக் கீழே பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் போவுது, அதுல நான் கார்டுன்னு சொல்லு."

பேபி சொன்னாள். கோயில்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. சவுரிமுத்து திகைத்துப் போனார். எலும்பைப் பார்த்து வாயடைத்துப் போக வந்தவர் அவர். இங்கே ஒருவர் இவரைப் பார்த்து வாயடைத்து நிற்கிறார். பரங்கிமலை ஸ்டேஷனில் பெல் அடிக்கிறோம் என்பதற்காக இதுவரை யாரும் அவர் கையைப் பிடித்ததில்லை. கோயில்பிள்ளை ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்தார். உள்ளே யாரோ, மனைவியாகத்தான் இருக்க வேண்டும், சாப்பாடு ஆறுகிறது என்பது போலக் கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. குளிர்ச்சியும் மெழுகு வாசனையும் மட்டும். கோயில்பிள்ளை ஒரு படிக்கட்டு வழியாகக் கீழே அழைத்துப் போய் ஒரு விளக்கைப் போட்டார்.

தாழ்வான கூரை. பீடம். அதற்குள்ளே பொன்னிறப் பேழை. அதில்தான் இருக்கிறார் என்று கையால் காட்டினார். பக்கத்தில் ஒரு கல் பலகை, அவரோடு கப்பலில் வந்தது. அதில் அவருடைய பாதி உருவம் செதுக்கியிருந்தது, தேய்ந்துபோய்.

சவுரிமுத்து முழங்காலில் விழுந்தார். இந்தப் பெட்டிக்குள் இருக்கிற கால்தான் அந்த மலையில் ஏறியது. சவுரிமுத்து சின்ன வயசில் விளையாடின பாறைகளில் இந்தக் கால் நடந்தது. இந்தக் கையைத்தான் ஆண்டவர் பிடித்துத் தன் விலாக் காயத்தில் வைத்தார். கதையாகக் கேட்டதெல்லாம் இரண்டடி தூரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. உலகம் இவ்வளவு பெரிதாகவும் இவ்வளவு கிட்டத்திலும் இருக்குமென்று அவர் நினைத்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டிக் கல்லைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயில்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, தானும் தயங்கித் தயங்கி அதே மாதிரி செய்தார்.

சவுரிமுத்து பொட்டலத்தைப் பிரித்தார். விளக்கில் வெள்ளிக் கண்கள் இரண்டும் அவரை நேராகப் பார்த்தன. வேண்டிக்கொள்ள வேண்டும். மூர்த்தி பாஸ் ஆக வேண்டும் என்று ரோமிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

ஏனென்றால் எதிரில் இருக்கிறவர் யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மற்ற பத்துப் பேரும் பார்த்தோம் பார்த்தோம் என்று சத்தியம் செய்தபோதும், நானே பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று ஒற்றை ஆளாக நின்றவர். அடுத்தவன் சொல்லை நம்பி ஓர் அடி எடுத்து வைக்காதவர். அப்பேர்ப்பட்டவரிடம் போய், என் நண்பன் பார்க்காமலேயே ஓட்டட்டும், என் பெல்லை நம்பியே ஓட்டட்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது. வேறு எந்தப் புனிதராக இருந்தாலும் கேட்டிருக்கலாம். இவரிடம் முடியாது.

ஆயிரத்தைந்நூறு பேர். மீன்கூடைக்காரி, காலேஜ் பையன்கள், குரோம்பேட்டையில் இறங்குகிற டைப்பிஸ்ட் பெண்கள். எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் ஏறுகிறவர் அவர். கதவைச் சாத்தாமல் நிற்கிறவர். அந்த ஆள்தான் ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் விரலைப் பெல்லின் மேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

வெள்ளிக் கண்ணைக் கல்லின் அடியில் வைத்தார். "அவனுக்குப் பார்வை குடுங்க, குடுக்காம போங்க, உங்க இஷ்டம்" என்று வாய்விட்டுத் தமிழில் சொன்னார். "எனக்கு வாய் குடுங்க."

பின்னால் பேபி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

திரும்பும்போது கோயில்பிள்ளை மேட்டின் விளிம்பு வரை கூட வந்து கையசைத்தார். இரண்டு ஐம்பது ரயிலில் இவர்கள் ஏறினபோது கடலில் வெயில் மாறியிருந்தது. காலையில் நீலமாக இருந்தது இப்போது பச்சைக்குப் போயிருந்தது. சவுரிமுத்து ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போதும், மூர்த்திக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக மனசில் எழுதிக்கொண்டார். நீலம், பாறை, வலை, குடிசை. பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதையும் சொல்ல வேண்டும்.

மீனம்பாக்கத்தில் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டியோடு நேரே சிட்லபாக்கம் போனார். ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்தது. மூர்த்தி வீட்டு வாசலில் கோலம் இன்னும் கலையவில்லை. சவுரிமுத்து படியேறி நின்றார். விரல் பெல்லின் மேல் இருந்தது. ஆகஸ்டில் நின்ற அதே மாதிரி ஒரு கணம் நின்றது.

அழுத்தினார். ஒரு தடவை.

உள்ளே பேப்பர் மடங்குகிற சத்தம். நடைச் சத்தம். கதவு திறந்தது. மூர்த்தி தலையைச் சாய்த்து, எதிரில் நிற்பவரின் முகத்தைத் தேடினார். இரண்டடி தூரம்தான். அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"யாரு?"

"நான்தான், மூர்த்தி."

"நீயா? ரெண்டு அடிப்பியே, ஒண்ணுதானே..."

பாதியில் நின்றுவிட்டது பேச்சு. சவுரிமுத்து சொல்லத்தான் வாய் கேட்டு வந்தார், ஆனால் தேவைப்படவில்லை. தெருவில் ஒரு தயிர்க்காரி கூவிக்கொண்டு போனாள். மூர்த்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் என்னவோ போலாகி, மெதுவாக அடங்கியது. சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன ஒரு காகிதத்தை எடுத்தார். சவுரிமுத்துவின் கையெழுத்தில் வரிசை வரிசையாக எழுத்துகள். அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு பெல் அடிச்சா நிறுத்தணும்" என்றார். "அதானே ரூலு. உள்ள வா."